ஆயிரத்து நூற்று நாற்பது அடி

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. இல்மா எடுத்தாள்.

"ஏனுங்க, ஆய்வு மையமுங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"உங்க ரிப்போர்ட்டுப் படிச்சனுங்க அம்மணி. பேப்பர்ல சேதி பாத்துப்போட்டு கம்ப்யூட்டர்ல எடுத்துப் படிச்சனுங்க. நல்லா எழுதியிருக்கறீங்க."

இல்மா நன்றி சொன்னாள். அறிக்கை வெளியாகி நான்கு நாள் ஆகியிருந்தது. செய்தியாளர்கள் அழைத்திருந்தார்கள், ஒரு வக்கீல் அழைத்திருந்தார். படித்துவிட்டுப் பாராட்ட யாரும் அழைக்கவில்லை.

"நூத்திப் பதினாலாம் பக்கத்துல ஒரு டேபிள் இருக்குதுங்களே."

"ஆமாங்க. பின்னிணைப்பு நாலு."

"கிணத்துக்கடவு ஒன்றியத்துக்குக் கீழ கி-பதினேழுன்னு ஒரு வரி. போர் ஆழம் ஆயிரத்து நூத்தி நாப்பது அடி." குரலில் சிரிப்பு இருந்தது. "எங்க பக்கம் அத்தனை அடி போரு ஒண்ணே ஒண்ணுதானுங்க. ரிக் வண்டி வந்து ஓட்டினப்ப ஊரே நின்னு பாத்துச்சுங்க. நானும் நின்னனுங்க."

இல்மா மேசையிலிருந்த அறிக்கையில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

"பேரு போட மாட்டோம்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கறீங்க. அதப் படிச்சுச் சிரிச்சுப்போட்டனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க யாருங்க பேசறது?"

"திருமலைசாமிங்க. பாராட்டிப்போடலாம்னுதான் கூப்பிட்டேன். வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டார். இல்மா ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சாய்பாபா காலனியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தது அந்த ஆய்வு மையம். ஐந்து பேர். அரசைச் சார்ந்ததல்ல, ஆலைகளைச் சார்ந்ததுமல்ல. அவர்கள் கையில் இருந்தவை எண்கள் மட்டும். அந்த எண்களை யாரும் தப்பென்று சொல்லிவிடக் கூடாது என்பதில் இயக்குநர் கிருபாசங்கருக்குப் பதினோரு மாதம் தூக்கம் கெட்டிருந்தது. நிலத்தடி நீர் பற்றிய ஆய்வு. இருநூற்றுப் பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்களுக்கு ஒரே வாக்குறுதி: உங்கள் அடையாளம் வெளியே வராது.

அட்டவணையைத் தயாரித்தவள் இல்மா. பெயரை அழித்தாள். கைபேசி எண்ணை அழித்தாள். நிலத்தின் சர்வே எண்ணை அழித்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். ஆழத்தை விட்டுவைத்தாள். ஆழம் இல்லாமல் நிலத்தடி நீரைப் பற்றி என்ன எழுதுவது?

அவள் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பத்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும், பிடித்து வைத்துக்கொள்வார்கள். அது எத்தனை அடியிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு தோட்டத்துப் போரின் ஆழம், அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் போல ஊருக்கே தெரிந்த ஒன்று என்று அவளுக்குத் தெரியாது.

கி-17 பூவாத்தாள். ஐம்பத்திரண்டு வயது. கணவர் இல்லை. மகளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு நாலு ஏக்கர் தென்னந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள். அவள் சொன்னது அறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில் அப்படியே இருந்தது. 'வெடியறதுக்கு முன்னால மோட்டார் சத்தம் கேக்கும். அது தண்ணி எடுக்கற சத்தம் இல்லீங்க. உள்ள எறக்கற சத்தம்.'

முலாம் பூசும் ஆலையின் அமிலக் கழிவு, வற்றிப்போன போர் ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆலை யாருடையது என்பதை ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். திருமலைசாமி.

இன்னொன்றும் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் இதைப் பற்றி மனு எழுதினார். அந்த மாதமே அவருடைய தென்னையில் பத்தொன்பது மரத்துக்கு அடிமரத்தில் துளை போட்டு, மருந்து ஊற்றி, களிமண் வைத்து அடைத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் பத்தொன்பது குருத்தும் சாய்ந்தன. அப்புறம் ஒரு நாள் டெம்போ ஒன்று அவர் வண்டியை உரசிவிட்டுப் போனது. யாரும் எதையும் பார்க்கவில்லை. அவர் இப்போது தாராபுரத்தில் மச்சான் வீட்டில் இருக்கிறார். கைத்தடியோடு நடக்கிறார்.

இல்மா கிருபாசங்கரின் அறைக்குப் போனாள். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆழம் வெச்சே கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியுமாம் சார். ஊருக்கே தெரியுமாம்."

"இதை நாம யோசிச்சிருக்கணும்."

"நான் யோசிச்சிருக்கணும் சார்."

அவர் மறுக்கவில்லை. "அந்தம்மாவுக்குப் போன் போடு."

"நம்பர் இல்லை சார். அழிச்சாச்சு. எல்லாப் பிரதியிலும்."

கிருபாசங்கர் அவளைப் பார்த்தார். பிறகு அந்த அட்டவணையை இணையத்திலிருந்து இறக்கச் சொன்னார். நான்கு நாளில் ஆயிரத்து அறுநூறு பேர் ஏற்கெனவே எடுத்திருந்தார்கள்.

"திங்கட்கிழமை பசுமைத் தீர்ப்பாயத்துல ஆலைக் கழிவு வழக்கு விசாரணை. நம்ம அறிக்கையைத்தான் வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் அந்தம்மா வேற எங்கயாவது இருக்கட்டும். போய்ச் சொல்லிட்டு வந்துடு. வேற யார்கிட்டயும் பேசாத. யாருன்னு கேட்டா ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத."

அது மையத்தின் பழைய விதி. இல்மாவுக்கு மனப்பாடம்.

பொள்ளாச்சி சாலையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனாள். கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. முந்திப் போனது. இன்னொரு வெள்ளைக் கார் வந்தது. இந்தச் சாலையில் இவ்வளவு வெள்ளைக் கார்கள் ஓடுவதை அவள் இதற்கு முன் கவனித்ததில்லை.

கிணத்துக்கடவு தாண்டிக் கிழக்கே திரும்பினாள். பூவாத்தாளின் வாசலில் வண்டியை நிறுத்தினால் அதுவே கைகாட்டிய மாதிரி ஆகிவிடும். ஊர் முகப்பில் டீக்கடையோரம் நிறுத்திவிட்டு நடந்தாள். தென்னைகளுக்கு நடுவே வண்டித்தடம். காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒரு மட்டை விழுந்தது. இல்மா நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பூவாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க கண்ணு. மறுக்காவும் கணக்கெடுப்புங்களா?"

"இல்லைக்கா. உள்ள போய்ப் பேசலாமா?"

"இங்க யாரு இருக்கறாங்க, மாடுதான் இருக்குது. அது யார்கிட்டயும் சொல்லாது. சொல்லுங்க."

இல்மா சொன்னாள். அட்டவணை, ஆழம், தொலைபேசி. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பூவாத்தாள் அரிவாளைத் தட்டுக் கட்டின் மேல் வைத்தாள்.

"அந்த நெம்பரு என்னன்னு சொன்னீங்க?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது."

"அது எங்க போரு இல்லீங்க கண்ணு."

இல்மாவுக்குப் புரியவில்லை.

"எங்களது தொள்ளாயிரத்து இருபது." பூவாத்தாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்குப் பேரு போட மாட்டோம்னீங்க. ஊரு போட மாட்டோம்னீங்க. சரின்னு எல்லாத்தையும் சொன்னேன். கடைசியா ஆழம் எத்தனைன்னு கேட்டீங்க பாருங்க. இவ்வளவு படிச்ச புள்ளைக்கு இது தெரியலையேன்னு நெனச்சேன். தொள்ளாயிரத்து இருபதுன்னா இந்தத் தடத்துல எல்லாத்துக்கும் தெரியும், பூவாத்தா ஊடுன்னு. அதனால வேற நெம்பரச் சொல்லிப்போட்டேன்."

"யாரோட நம்பர்க்கா?"

"பாலுசாமியண்ணன் போரு. அடுத்த தோட்டம்."

மாடு தலையை ஆட்டியது. மணி ஒலித்தது.

"வேணும்னு சொல்லல கண்ணு. வாயில அதுதான் வந்துச்சு. இருக்கறதுலயே ஆழம் அதுதான், யாரக் கேட்டாலும் அந்த நெம்பரத்தான் மொதல்ல சொல்லுவாங்க. அதுவுமில்லாம அவரும் திருமலைசாமியும் பங்காளிங்க. பெரியப்பன் மகன் சித்தப்பன் மகன். அவிங்களுக்குள்ள என்ன வந்துரப் போகுதுன்னு..."

"இப்ப பேச்சுவார்த்தை இருக்கா?"

பூவாத்தாள் கொஞ்சம் தட்டை அள்ளி மாட்டின் முன்னால் போட்டாள். "வரப்புப் பிரச்சினைல ஆறு வருசமா இல்லீங்க."

இல்மாவின் கைபேசி அடித்தது. புது எண். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், தொடர்புக்கு என்று போட்டு, அவளே கொடுத்திருந்த எண்ணுக்குத்தான் வந்தது. எடுத்தாள்.

"ஏனுங்க அம்மணி, டீக்கடைல வண்டிய நிறுத்திப்போட்டு நடந்து போனீங்களாமா. இந்த வெயில்ல என்னத்துக்குங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரு அனுப்பியிருப்பனே."

குரல் வெளியே கேட்டது. பூவாத்தாள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. பாலுசாமியண்ணன்தானுங்களா? வேற ஒண்ணும் வேண்டாம். ஆமான்னா ஆமா. இல்லைன்னா இல்லை."

இல்மா பூவாத்தாளைப் பார்த்தாள். ஆமாம் என்றால் ஒன்றும் அறியாத மனிதர் மாட்டுவார். இல்லை என்றால் அந்த எண்ணைப் பொய்யாகச் சொன்னவர் யார் என்று திருமலைசாமி தேடுவார். அந்தத் தடத்தில் வீடுகள் மொத்தம் நான்கு.

"யாரோட பேரையும் நாங்க சொல்றதில்லைங்க," என்றாள். விதி அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"சரிங்க. சரிங்க அம்மணி. புரிஞ்சுதுங்க." அவர் நிஜமாகவே புரிந்துகொண்டவர் போலச் சொன்னார். "நான் அண்ணனைப் பாத்துக்கறேன்."

அழைப்பு முடிந்தது.

மாடு தட்டை மென்றுகொண்டிருந்தது.

"பாலுசாமி தோட்டம் எந்தப் பக்கம்க்கா?"

பூவாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தட்டின் சாறு பட்டுப் பிசுபிசுத்த கை. "அங்க போயி என்ன சொல்லுவீங்க?"

"தெரியல."

"எம் பேரு?"

"சொல்ல மாட்டேன்."

பூவாத்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை இப்படி ஒரு வார்த்தையை நம்பி மாட்டிக்கொண்டவள். பிறகு கையை விட்டுவிட்டு வடக்கே காட்டினாள். "வேலியோரமாவே போங்க. தடத்துல போகாதீங்க."

இல்மா போகிற வழியில் கிருபாசங்கரை அழைத்தாள். பூவாத்தாள் வேறு எண்ணைச் சொன்னதைச் சொன்னாள்.

"அந்த எண் தப்புன்னு இப்பவே திருத்தம் போடலாம் சார்."

"ஒரு எண்ணு தப்புன்னு நாமளே சொன்னா, மிச்சம் இருநூத்திப் பதினொண்ணும் தப்புன்னு அவங்க வக்கீல் சொல்லுவான். திங்கட்கிழமை அறிக்கை செத்துரும். எறக்கற தண்ணி எறங்கிக்கிட்டேதான் இருக்கும். அந்தம்மா குடிக்கற தண்ணியும் அதுதான்."

"தெரியும் சார்."

"நீ முதல்ல அங்கிருந்து கிளம்பு இல்மா."

அவளும் கிளம்ப விரும்பினாள். கால்கள் வேலியோரமாகவே போய்க்கொண்டிருந்தன.

பாலுசாமிக்கு அறுபது இருக்கும். ஒற்றை முழங்கால் மடங்காது. தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு, சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"உக்காருங்க. ஆய்வு மையத்துலருந்து வர்றேன். தண்ணியைப் பத்தி எழுதறவங்க."

"போன வருசமே எல்லா ஊட்டுக்கும் வந்தீங்களாமா. எங்கூட்டுக்குத்தான் வரல. நான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டேன். இப்பத்தான் வந்தீங்களாக்கு." சிரித்தார். "எழுதிக்கங்க. இந்த ஒன்றியத்துலயே ஆழமான போரு நம்மளதுதான். ஆயிரத்து நூத்தி நாப்பது. ரெண்டு நா ராப்பகலா ஓட்டினானுங்க. மத்தவன்லாம் ஆயிரத்துலயே பயந்து நிறுத்திப்போட்டானுங்க."



"ஐயா, உங்க போரோட ஆழம் எங்க அறிக்கைல தப்பா ஏறிடுச்சு. நீங்க எங்ககிட்டப் பேசவே இல்லை. ஆனா நீங்கதான் பேசினீங்கன்னு உங்க தம்பி நெனச்சுக்கிட்டிருக்கார்."

பாலுசாமியின் கையில் ஊசி நின்றது. "எந்தத் தம்பி?"

"திருமலைசாமி."

அவர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்தார். தோப்பின் வடக்கு மூலையைப் பார்த்தார். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. பத்தொன்பது இருக்கும் என்று இல்மா எண்ணாமலே தெரிந்துகொண்டாள்.

"அப்ப யாருங்க பேசினது?"

ஒரே கேள்விதான். ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்த மனிதருக்குக் கேட்க எல்லா உரிமையும் இருந்தது.

"சொல்ல முடியாதுங்க ஐயா."

"எம்பேர்ல பழியப் போட்டுப்போட்டு, யாருன்னும் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல முடியாதுங்க."

பாலுசாமி மெல்லத் தலையைத் திருப்பினார், அவள் வந்த வேலியின் பக்கம். இல்மாவின் துப்பட்டாவில் ஒட்டியிருந்த பச்சைச் சோளத்தட்டுத் தூளைப் பார்த்தார். அவர் கண்கள் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றன. இல்மா அதைத் தட்டிவிடக்கூட அஞ்சினாள்.

தடத்தில் கார் சத்தம் கேட்டது. வெள்ளைக் கார்தான்.

பாலுசாமி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஆறு வருடம் பேசாத தம்பி வாசலுக்கு வந்தாலும் வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். காலை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தார்.

"வாங்க தம்பி."

"வாரனுங்கண்ணா. கால் இப்ப எப்படி இருக்குதுங்க?"

திருமலைசாமி உயரமில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. தனியாகத்தான் வந்திருந்தார். இல்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். பின்பு சுற்றிலும் பார்த்தார். தென்னைகளை அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாக் காய்ப்பு இருக்குதுங்கண்ணா. எத்தனை மரம்?"

பாலுசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

இல்மா இருவருக்கும் நடுவே வந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது அவளுக்கே பாதிதான் தெரியும்.

"அந்த வரியை நான்தான் எழுதினேன்."

திருமலைசாமி மரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"கி-பதினேழுன்னு யாரும் இல்லைங்க. மோட்டார் சத்தம்னு இருக்கறது யாரும் சொல்லலை. நானே எழுதிச் சேர்த்தேன். ஆழம் ஊர்ல யாரோ பேசிக்கிட்டதைக் கேட்டுப் போட்டேன். இவர்கிட்ட நான் இன்னைக்குத்தான் மொதத் தடவை பேசறேன்."

சொல்லி முடித்ததும் பதினோரு மாத வேலை தீர்ந்துபோனது அவளுக்குத் தெரிந்தது. கிருபாசங்கரின் முகம் மனதில் வந்தது. அதைத் தள்ளினாள்.

பாலுசாமி அவளைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு அவள் அவர் காலில் விழுந்திருப்பாள்.

திருமலைசாமி தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். நிதானமாகத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நீங்கதானுங்களா."

"ஆமாங்க."

"சொந்தமா எழுதினது."

"ஆமாங்க."

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா திங்கட்கிழமைக்கு ஆகுமுங்க."

"தர்றேங்க."

"நல்லதுங்க." அவர் முகத்தில் கோபம் இல்லை. நம்பினாரா என்றும் தெரியவில்லை. "வக்கீலு காயிதம் அனுப்பறதுக்கு அட்ரஸ் கேப்பாருங்க. ஆபீசு அட்ரஸ் இருக்குது. ஊட்டு அட்ரஸ் இல்லை. எந்த ஊருங்க அம்மணி உங்களுக்கு?"

"கோயமுத்தூருங்க."

"கோயமுத்தூர்ல எங்கீங்க?"

இல்மா தயங்கினாள். அவள் தயங்கியதும் அவர் கண்கள் திரும்பிப் போரின் மேல் நின்றன. அங்கிருந்து பாலுசாமியின் காலுக்குப் போயின. அங்கிருந்து மெல்ல வேலியின் பக்கம் நகர்ந்தன. அடுத்த தோட்டத்தில் மாட்டு மணி கேட்டது.

"கோட்டைமேடு," என்றாள் அவசரமாக.

கண்கள் திரும்பி வந்தன.

"எந்த வீதிங்க?"

வீதியைச் சொன்னாள். கதவு எண்ணையும் சொன்னாள். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

"ஊட்டுல எத்தனை பேருங்க?"

அவளுடைய படிவத்தில் மூன்றாவது கேள்வி அது. இருநூற்றுச் சொச்சம் வாசலில் உட்கார்ந்து, இதே மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டு, அவள் அதைக் கேட்டிருக்கிறாள். யாரும் பதில் சொல்ல மறுத்ததில்லை.

"நாலு பேருங்க," என்றாள் இல்மா.